இரைச்சல் நின்ற நாள்

ஆம்ப்ளிஃபையருக்குள் வைக்கக் கடைக்காரர் கையில் கொடுக்கும் ட்ரான்சிஸ்டரை நான் அப்படியே நம்பியதே இல்லை. புதுக்கோட்டையில் எந்தக் கடையில் வாங்கினாலும் சரி, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பஞ்சில் பெயிண்ட் தின்னரைத் தொட்டு அதன் முதுகில் தேய்ப்பதுதான். எழுத்து அழிந்தால் போலி. அழியாவிட்டாலும் எனக்குச் சந்தேகம் தீராது. அஞ்சு வாங்கினால் ஒன்றைக் கட்டிங் பிளேயரால் உடைத்து, உள்ளே இருக்கும் சில்லு எத்தனை பெரிசு என்று பார்ப்பேன். "ஒடச்சுப் பாக்குறதுக்குன்னே ஒண்ணு சேத்து வாங்குற ஆளு நீங்க ஒருத்தருதாங்க" என்பார் கடைக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பியதில்லை.

நான் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை. திருவரங்குளத்தில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் மனு ஏற்றுகிறேன். ஆனால் சாயங்காலம் ஆனால் கை சும்மா இருக்காது. வீட்டில் பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபையர் கட்டுவேன். ஒன்று கட்டி முடித்ததும் அதில் ஒரு குறை கண்டுபிடித்து, பிரித்துப் போட்டு அடுத்ததைத் தொடங்குவேன். அப்படி ஆறு பெட்டி கட்டியாயிற்று. "பொம்பளைக்கு இது என்ன வேலை" என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டுக் களைத்துப் போனார்கள்.

புதுப் பெட்டிக்கு நேராகக் கரண்டு கொடுக்க மாட்டேன். நடுவில் ஒரு நூறு வாட் குண்டு பல்பை மாட்டி, அதன் வழியாகத்தான் கொடுப்பேன். உள்ளே எங்காவது ஒயர் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி பிழைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மினுக்கு மினுக்கி மங்கிவிடும். அது மங்கும் வரை மூச்சே விட மாட்டேன். அக்கா ஒருமுறை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, நீ எங்களையும் இந்தப் பல்புல மாட்டிப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவ போல" என்றாள். நானும் சிரித்தேன்.

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. அண்ணனும் தம்பியும் வெளிநாட்டில் ஒரே கம்பெனியில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். கீரமங்கலம் போகும் வழியில் இருக்கும் எங்கள் வீட்டை நடுவில் சுவர் எடுத்து இரண்டாக்கியிருக்கிறோம். இந்தப் பக்கம் நான் தனியாக, அந்தப் பக்கம் அக்கா தனியாக. சுவர் எடுக்கும்போது அதில் ஒரு கதவு வைத்தே ஆகவேண்டும் என்று கொத்தனாரிடம் மல்லுக்கு நின்றது அக்காதான். "ரெண்டு பொம்பளைக தனியாக் கெடக்கோம். ஆத்திர அவசரம்னா தெருவச் சுத்திக்கிட்டா ஓடி வர முடியும்?" என்றாள். இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வைத்த கதவு. இரண்டு பக்கமும் யாரும் தாழ் போட்டதில்லை. எங்கள் இருவருக்கும் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருந்த ஒரே துணை அந்தக் கதவுக்கு மறுபக்கம்தான் இருந்தது.

ஏழாவது பெட்டியைப் போன பங்குனியில் கட்டினேன். பழைய ஸ்டெபிலைசரின் இரும்புக் கூடு, சொல்லிச் சுற்ற வைத்த ட்ரான்ஸ்பார்மர், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி போர்டு. ஸ்பீக்கர்களுக்கு ஆசாரியிடம் அடித்த பிளைவுட் பெட்டி. குண்டு பல்பு மினுக்கி மங்கியது. பாட்டு வைத்தேன். பாடுகிறவர் வரிக்கு வரி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை. அந்த நிசப்தத்துக்காகத்தான் ஆறு பெட்டிகளைப் பிரித்துப் போட்டேன். அன்றைக்கு அக்கா கொண்டுவந்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு ராணி மாதிரிப் படுத்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெட்டியைப் போட்டால், 'ம்ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஓர் இரைச்சல். ஏழே காலுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. முதலில் கண்டன்சர் போலி என்று முடிவு கட்டி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் பேசாமல் வேறு இரண்டைக் கொடுத்தார். மாற்றினேன், அப்படியே இருந்தது. ட்ரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்தேன். ஒயர்களை எல்லாம் பிய்த்து ஒரே போல்ட்டில் சேர்த்துக் கட்டினேன். கேபிள் டிவிக்காரர் மேல் சந்தேகப்பட்டு அந்த ஒயரையே பிடுங்கி எறிந்தேன். இரைச்சல் தன் நேரத்துக்கு வந்து, தன் நேரத்துக்குப் போனது. தினசரி காலண்டர் தாளின் முதுகில் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். பத்து நாள் குறித்த பிறகு தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. அது அக்கா மாவு ஆட்டும் நேரம்.

அக்கா இட்லி மாவு விற்கிறாள். காலையில் ஒரு ஆட்டு, சாயங்காலம் ஒரு ஆட்டு. தெருவில் பாதிப் பேர் அவள் வாசலில்தான் தூக்குவாளியோடு நிற்பார்கள். வேறு யாராக இருந்தாலும் உடனே எழுந்து போய், "அக்கா, உங்க கிரைண்டருல கரண்டு கசியுதுபோல, பாப்பமா?" என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்கிற ரகம் இல்லை. பார்க்கிற ரகம்.

மாடியிலிருந்து பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே எர்த் குழி, அக்கா பக்கத்துக் கொல்லையில் இருக்கிறது. எந்த மெஷினிலாவது கரண்டு கசிந்தால் அது ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்குவதற்கான வழி அதுதான். குழியிலிருந்து ஒரு கம்பி சுவரோடு மேலே ஏறி, என் மாடிப்பக்கம் ஒரு போல்ட்டில் இரண்டாகப் பிரிந்து ஒன்று எனக்கும் ஒன்று அக்காவுக்கும் போகிறது. மூன்று நாள் காலையும் அக்கா கொல்லைக்கு வந்து, அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, அந்தக் குழிக்குப் பக்கத்தில் குனிந்தாள். முதுகு எனக்கு மறைத்தது. கையில் ஏதோ ஏனம் இருந்தது, அதை வைத்து என்ன செய்தாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்து உள்ளே போனதும் கிரைண்டர் சத்தம் கேட்டது. என் பெட்டியும் இரைந்தது.

அவ்வளவுதான், மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன். ஒருநாள் அக்கா, "எந்நேரமும் இந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழுகுற" என்று சொன்னது ஞாபகம் வந்தது. மாவு வாங்க வந்தவளிடம் "அவளுக்குப் பெட்டி இருந்தாப் போதும், மனுசங்க வேணாம்" என்று சொன்னதாக யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னவளை நான் நம்பினேன், பாருங்கள்! கடைச் சாமானை உடைத்துப் பார்க்கிறவள், தெருவில் வந்த பேச்சை உரசிக்கூடப் பார்க்கவில்லை. என் பெட்டியைக் கெடுக்கத்தான் குழியில் ஏதோ கம்பியை நெகிழ்த்துகிறாள் என்று சத்தியமாக நினைத்தேன்.

அன்றைக்கு நடுக்கதவைத் தாழ் போட்டேன்.

சாயங்காலம் அக்கா தள்ளிப் பார்த்திருக்கிறாள். பிறகு தட்டினாள். "ஏத்தா, கதவு என்ன இறுகிக்கிச்சா?"

"வேலையா இருக்கேங்க்கா" என்றேன்.

மறுநாளிலிருந்து மாவுக் கிண்ணத்தைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மாவு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து மாடிக்குப் போனேன். அந்தப் போல்ட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போகும் கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். நுனியை வளைத்துச் சன்ஷேடுக்கு அடியில் செருகினேன். இனி அவள் குழியில் என்ன செய்தாலும் அவள் பக்கத்து இரைச்சல் என் பெட்டிக்கு வர வழியில்லை. செய்வது என்னவென்று எனக்குத் தெரியாதா? படித்தவள், தெரியும். நம் ஊரில் பாதி வீட்டில் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுத்தானே செருகுகிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் பார்ப்போம், பிறகு சேர்த்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். பொய். சேர்க்கும் எண்ணமே எனக்கு இல்லை.

அன்று ஆறு மணிக்குக் கிரைண்டர் ஓடியது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை. துளி இரைச்சல் இல்லை. அட, கையும் களவுமாகப் பிடித்தேன் பார் என்று தொடையில் தட்டிக்கொண்டேன். இரைச்சல் நின்றதே அக்காதான் செய்தாள் என்பதற்குச் சாட்சி என்று நம்பினேன். அன்றைக்கு நான் பாட்டுக் கேட்டதைவிடப் பாட்டு இல்லாத இடங்களைக் கேட்டதுதான் அதிகம்.

நடுவில் ஒருநாள் காலை அக்கா மறுபடி கதவைத் தட்டினாள். "ஏத்தா, ஒன்னைய ஒண்ணு கேக்கணும்" என்றாள். மாட்டிக்கொண்டாய் அல்லவா, இப்போது என்ன சமாதானம் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். "ஆபீசுக்கு நேரமாச்சுங்க்கா, அப்பறம் வாரேன்" என்றேன். போகவில்லை.

வெட்டி ஒன்பதாம் நாள் சாயங்காலம். பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு மேல் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அக்காவின் குரல் இல்லை, மாவு வாங்க வந்தவளின் குரல். "ஐயோ, கரண்டு அடிச்சிருச்சு, யாராச்சும் வாங்களேன்!"

நடுக்கதவுக்கு ஓடினேன். நான் போட்ட தாழ். பத்து நாளுக்கு மேலாக இறுக்கி அடித்து வைத்திருந்த தாழ் அசையவே இல்லை. இழுத்துப் பார்த்தேன், ஓங்கித் தட்டிப் பார்த்தேன். விட்டுவிட்டு வாசல் வழியாக வெளியே வந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. தெருவைச் சுற்றிக்கொண்டா ஓடி வர முடியும் என்று அக்கா கேட்டாளே, அப்படித்தான் ஓடினேன்.

ஈரத்தரையில் அக்கா சுவரோரமாகக் கிடந்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மெயினை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்டு அவளைத் தூக்கி எறிந்ததால் பிழைத்தாள். பிடித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இங்கே எழுத மாட்டேன். கண் திறந்து என்னைப் பார்த்து, "மாவு வழியப் போகுது, பாரு ஆத்தா" என்றாள். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் ஒயர் வைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, இன்று ஒருநாள் இருக்கட்டும் என்றார்கள். இடது கை மட்டும் முழங்கை வரை மரத்துப் போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்து விட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஒரு வாரமாவே தொட்டாச் சுருக்கு சுருக்குன்னுதான் இருந்துச்சு" என்றாள் அக்கா. "செருப்பப் போட்டுக்கிட்டு ஆட்டுனேன். இன்னைக்கு மறந்துட்டேன். ஒன்னையக் கேக்கலாம்னுதான் அன்னைக்குக் கதவத் தட்டுனேன்."

இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்து வந்து போனது.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் முதலில் மாடிக்குப் போய், வெட்டின கம்பியைச் சேர்த்து முறுக்கிப் போல்ட்டில் வைத்து இறுக்கினேன். யாருக்கும் சொல்லவில்லை. பிறகு கீழே வந்து கிரைண்டரைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கி, கரண்டு மெஷினின் இரும்பு உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போயிருக்கிறது. போகிற வழியில் அதே கம்பியில் தொங்கிய என் பெட்டியையும் கொஞ்சம் இரைய வைத்திருக்கிறது. நான் வழியை வெட்டினேன். போக வழியில்லாத கரண்டு மெஷினிலேயே நின்றது, அக்கா தொடும்வரை.

"மெஷின்ல கரண்டு கசியுதுங்க்கா" என்றேன். அது பொய் இல்லை. பாதி உண்மை.

அக்கா கிரைண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப தூக்கிப் போட்டுர்றேன்த்தா. இனிமே இதத் தொட எனக்குப் பயமா இருக்கு. மாவு ஏவாரமும் வேணாம். அவுக அனுப்புறதுல இருந்துக்கறேன்." அந்த மாவு வியாபாரத்தில்தான் அவள் கணவரிடம் கை நீட்டாமல் நிமிர்ந்து நடந்தாள். தெருவில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு எல்லோரையும்விடத் தெரியும்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மெஷின் மேல தப்பு கொஞ்சம்தாங்க்கா. எர்த் கம்பிய வெட்டுனது நானு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஓர் அதிர்ச்சியும் இல்லை.

"தெரியும்த்தா. ரேசன் கடைக்குப் போயிட்டு வந்தன்னைக்கே பாத்தேன், சன்ஷேடுக்குக் கீழ கம்பி வெட்டிக் கெடந்துச்சு. நீதான் வெட்டிருப்பன்னு தெரியும். கரண்டு விசயம் ஒனக்குத்தான தெரியும், ஏதோ நல்லதுக்குத்தான் வெட்டிருப்பன்னு இருந்துட்டேன்."

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"அந்தக் குழிக்கிட்ட தினமும் என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"என்ன பண்ணுவேன், அரிசி கழுவுன தண்ணியில உப்பப் போட்டு ஊத்துவேன். வெயிலு காலத்துல குழி காயக் கூடாது, காஞ்சா ஒன் பெட்டி இரையும்னு நீதான முந்தி சொன்ன? செம்மண்ணு, ஒருநாள் விட்டாக் கல்லாட்டம் காஞ்சு போகுது."

சொன்னேன். ஐந்தாவது பெட்டி கட்டும்போது, தோசை தின்றுகொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. நான் மாடியில் ஒளிந்து நின்று பார்த்தது, அவள் எனக்காகத் தண்ணீர் ஊற்றியதைத்தான்.

"அது சரி, எதுக்குத்தா வெட்டுன?" என்றாள் அக்கா. வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

ஏதாவது டெக்னிக்கல் காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள். அதனாலேயே பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒங்க மேல சந்தேகங்க்கா. என் பெட்டியக் கெடுக்கறீங்கன்னு."

அக்கா மரத்துப்போன இடது கையை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "போத்தா. போயிச் சாப்புடு" என்று மட்டும் சொன்னாள்.

கிரைண்டரை மெக்கானிக்கிடம் கொடுத்து மோட்டாரைக் காயவைத்துப் புதிதாகச் சுற்றி வாங்கி வந்தேன். அக்கா வீட்டு மெயின் போர்டில், கசிந்தால் தானே இறங்கும் ட்ரிப்பர் ஒன்றை வைத்தேன். அந்த நடுக்கதவின் என் பக்கத்துத் தாழ்ப்பாளைச் சுத்தியலால் அடித்துக் கழற்றி எறிந்தேன். அக்கா திரும்ப மாவு ஆட்டத் தொடங்கினாள். கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், தோசை கொண்டுவருகிறாள், பேசுகிறாள். குழிக்கு இப்போதும் தண்ணீர் ஊற்றுகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் பழையபடிதான்.

திரும்ப ஆட்டத் தொடங்கிய அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கரண்டு இருக்கான்னு நீ வச்சுப் பாப்பியே, அந்த டெஸ்டர் ஒண்ணு குடு ஆத்தா. எப்புடி வச்சுப் பாக்கணும்னும் சொல்லிக் குடு." கொடுத்தேன். நுனியை மெஷின் மேல் வைத்து, பின்பக்கத்தை விரலால் தொட்டால், கரண்டு இருந்தால் உள்ளே சிவப்பாக எரியும் என்று காட்டினேன். அதிலிருந்து காலையும் மாலையும் கிரைண்டரைத் தொடுவதற்கு முன் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறாள். நல்ல பழக்கம்தான். யார் வீட்டிலும் இருக்க வேண்டிய பழக்கம்தான்.

போன வாரம் சாயங்காலம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் எட்டாவது பெட்டியை முடித்து மேசை மேல் வைத்திருந்தேன். குண்டு பல்பு மினுக்கி மங்கியாயிற்று, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "அட, அழகா இருக்கேத்தா" என்று கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். முந்தானை முடிச்சிலிருந்து டெஸ்டரை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியின் இரும்பு மேல் வைத்தாள். எரியவில்லை. இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டி மேல் கையை வைத்தாள்.